சுவரா, வடிகாலா? ஏற்காட்டுச் சரிவுக்கு எதில் முதலில் பணம் போடுவது

ஏற்காட்டில் நாலு நாள் மழை கொட்டி ஓய்ந்துவிட்டால், சேலத்தில் கட்டட வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களின் போன் ஓயாது. வீட்டுக்குப் பின்னால் மண் இறங்கிவிட்டது, எஸ்டேட் பாதையில் பாதி ஓடைக்குப் போய்விட்டது, ஹோம்ஸ்டே முற்றத்தில் விரிசல். ஆள் மாறினாலும் கேள்வி மாறாது: "சார், சுவர் ஒண்ணு எழுப்பணுங்க, அடிக்கு என்ன ஆகும்?" விலையைச் சொல்லிவிடலாம். ஆனால் கையில் இருக்கும் ஆறேழு வழிகளில் சுவர் ஒன்று, அவ்வளவுதான். செலவு அதிகம் பிடிப்பதும் அது, தனியாக விட்டால் சீக்கிரம் சாய்வதும் அது. மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதை என்ன பாடுபட்டது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த மாதிரி மழை இனி அடிக்கடி வருமா என்று கேட்கிறார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். தாங்கிய ஈரம் என்றைக்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். வருடத்து மொத்த மழை கூடுகிறதோ இல்லையோ, பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுவது கூடும். நம் மலையில் இருக்கும் சிறுபாலங்களும் சாக்கடைகளும் பழைய மழைக்கு அளவெடுத்துக் கட்டியவை.

சூடு ஏறுவதால் காலடி மண்ணே கைவிடும் கதையில் நம்மைவிட அதிகம் அடிபட்டவர்கள் கடுங்குளிர்ப் பகுதிக்காரர்கள். அலாஸ்கா, வட கனடா, சைபீரியா, திபெத் பீடபூமி ஆகிய இடங்களில் நிலத்தடி மண் வருடக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, உறைந்தே கிடக்கிறது. உறைந்திருக்கும்வரை அது பாறை மாதிரி பாரம் தாங்கும். உருகினால் உள்ளே இருந்த பனிக்கட்டி தண்ணீராகி, மேலே நிற்கும் சாலையும் வீடும் அமுங்கும். 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் ஒரு மின்நிலையத்தின் எண்ணெய்த் தொட்டி அடிப்பக்கம் இறங்கி உடைந்து, ஏறக்குறைய 21,000 டன் டீசல் மண்ணிலும் ஆற்றிலும் கலந்தது. உறைமண் உருகியதே காரணம் என்றது நிறுவனம். கட்டுமானத்திலும் பராமரிப்பிலுமே கோளாறு என்றார்கள் மற்றவர்கள். நம் ஊரில் சுவர் சாய்ந்ததும் "மழை சார்" என்பவரும் "அஸ்திவாரமே இல்லை சார்" என்பவரும் எதிரெதிரே நிற்பார்களே, அதே வழக்குத்தான். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

அந்த ஊர் எஞ்சினியர்களிடம் நான் எடுத்துக்கொண்டது அவர்கள் யோசிக்கும் வரிசையை. உறைமண் மேல் எதையாவது கட்டுவதென்றால் அவர்கள் முன்னால் நாலு வழிதான் இருக்கும். ஒன்று, அந்த இடத்தை விட்டு விலகுவது. இரண்டு, மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது. மூன்று, கெட்ட மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு நல்ல சரளை நிரப்புவது. நாலு, அசையத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு, வருடா வருடம் சரிசெய்யப் பணம் ஒதுக்குவது. முட்டுச்சுவர் இந்த நாலில் எதிலும் முதல் ஆளாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய் இதற்கு நல்ல உதாரணம். 1977இல் ஓடத் தொடங்கிய, ஏறக்குறைய 1,290 கிலோமீட்டர் நீளக் குழாய் அது. முதலில் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைப்பதாகத்தான் திட்டம். சூடான எண்ணெய் போகும் குழாயைப் புதைத்தால் சுற்றியுள்ள மண் உருகிக் குழம்பாகிவிடும் என்று ஆர்தர் லாக்கன்புருக் என்ற அமெரிக்கப் புவியியல் துறை விஞ்ஞானி 1970இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கப்புறம் பாதிக்கு மேல் தூரத்தைத் தூண்கள் மேல் ஏற்றினார்கள். அந்தத் தூண்களிலும் பெரும்பாலானவற்றுக்குள் அம்மோனியா நிரப்பி மூடிய குழாய்கள் உண்டு. குளிர்காலத்தில் மண்ணின் சூட்டில் அடியில் உள்ள அம்மோனியா ஆவியாகி மேலே போகும், உச்சியில் உள்ள தகடுகளில் குளிர்ந்து, சூட்டைக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பக் கீழே வழியும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். கோடையில் தானாக நின்றுவிடும். மண்ணைக் கெடுப்பது சூடு என்றால் முதல் செலவு சூட்டை வெளியே எடுப்பதற்கு. இவ்வளவு செய்தும் அண்மை ஆண்டுகளில் ஒரு சரிவில் மண் உருகி, தூண்கள் சாய ஆரம்பித்து, கூடுதலாகக் குளிர்குழாய்கள் இறக்க வேண்டி வந்தது.

நம் மலையில் சூட்டின் இடத்தில் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையின் எலும்பு சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. அதன் மேல் லட்சக்கணக்கான வருட வெயிலிலும் மழையிலும் மக்கிய செம்மண், அதற்குள் புதைந்த உருண்டைப் பாறைகள், உச்சிப் பக்கம் லேட்டரைட் என்னும் செம்புரைக்கல்லும், பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவும். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் பாக்சைட் இங்கிருந்துதான் போனது. மழைத் தண்ணீர் செம்மண்ணில் இறங்கும், அடியில் பாறை தடுத்ததும் அதன் முதுகோடு வழிந்து சரிவின் கால்பக்கம் தேங்கும். மண்துகளுக்கு நடுவே தண்ணீர் அழுத்தம் ஏற ஏற, துகளுக்குத் துகள் இருந்த பிடி விட்டுப்போகும். அந்த நேரத்தில் கால்பக்கத்தை ஜேசிபி வைத்துச் செங்குத்தாக வெட்டி, கார் நிறுத்த இடம் பிடித்திருந்தால் மேலே இருப்பது இறங்கும். மலைப்பாதையில் வண்டியின் முன்னால் உருண்டு வரும் பாறை பெரும்பாலும் மேலே எங்கோ உடைந்து வந்ததாக இருக்காது. சுற்றியிருந்த மண் கரைந்து கழன்ற உருண்டைதான் அது.

சரி, வழிகளைப் பார்ப்போம். எல்லோரும் கேட்கும் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

3 மீட்டர் உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருப்பது தண்ணீர் வடிந்த, மணல் கலந்த மண்ணாக இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது தள்ளும் அளவு ஏறக்குறைய 2.7 டன். அதே மண்ணில் மேல்வரை தண்ணீர் நின்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 4.5 டன் தள்ளும். மிதப்பில் எடை குறைந்த மண்ணின் பங்கையும் சேர்த்தால் 6 டன்னை நெருங்கும். சுவர் அதே சுவர், பாரம் இரட்டிப்புக்கு மேல். உயரம் கூடினால் இன்னும் மோசம்: 3 மீட்டரை 4 ஆக்கினால் தள்ளுவிசை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். "இன்னும் ரெண்டு அடி ஏத்திடுங்க சார்" என்று மேஸ்திரியிடம் போகிற போக்கில் சொல்வதன் கனம் அவ்வளவு.

ஆகவே சுவரின் உயிர் அதன் பின்னால் இருக்கும் சல்லி வடிகட்டியிலும், முகத்தில் விடும் நீர்த்துளைகளிலும் இருக்கிறது. மழை நின்ற மறுநாள் ஏற்காட்டில் ஏதாவது ஒரு பழைய சுவர் முன்னால் போய் நின்று பாருங்கள். பிவிசி குழாய்த் துளைகள் வரிசையாக இருக்கும். எட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும், சிலதில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதே சுவரின் அடியில், தரையோடு சேரும் இடத்தில், பச்சைப் பாசியும் சொதசொதவென்று ஈரமும். பின்னால் தண்ணீர் இருக்கிறது, துளை வழியாக வரவில்லை, அடியில் வழி தேடுகிறது என்று அர்த்தம். சுவர் எழும்ப எழும்பப் பின்னால் ஒன்றரை அடி அகலத்துக்குச் சல்லி போட்டு வந்திருக்க வேண்டும். வெட்டிய செம்மண்ணையே திரும்பத் தள்ளி மூடிவிட்டால், குழாய் வாய் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். மண்ணுக்குள் மறைந்துபோகும் வேலை என்பதால் இதில்தான் முதலில் கை வைப்பார்கள். சுவர்தான் என்று முடிவு செய்தால் அந்தச் சல்லி போடும் நாட்களில் நீங்களோ உங்கள் ஆளோ அங்கே நிற்க வேண்டும்.

கேபியன் என்னும் கம்பிக்கூடைச் சுவர் எனக்குப் பிடித்த சாமான். துத்தநாகப் பூச்சுக் கம்பிவலைப் பெட்டிக்குள் கருங்கல்லை அடுக்கி, பெட்டி மேல் பெட்டியாக ஏற்றுவது. தண்ணீர் எந்தத் துளையும் இல்லாமலே ஊடுருவிப் போய்விடும். அடிமண் கொஞ்சம் இறங்கினாலும் கான்கிரீட் போல வெடிக்காமல் வளைந்து கொடுக்கும். குறைகளும் உண்டு. இடம் நிறையக் கேட்கும், உயரத்தில் பாதிக்குக் குறையாமல் அடி அகலம் வேண்டும். குறுகிய எஸ்டேட் பாதையில் அந்த அகலம் கிடைக்காது. பின்பக்கம் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி விரிக்காவிட்டால் தண்ணீரோடு மண்ணும் வெளியேறி, மேலே குழி விழும். எல்லாவற்றுக்கும் மேல், கல்லைக் கையால் அடுக்க வேண்டும். லாரியிலிருந்து கொட்டி வலையை மூடி முடிச்சுப் போட்டுப் போய்விட்டால், ஒரு வருடத்தில் பெட்டி வயிறு தள்ளி நிற்கும்.

மண்ணில் ஆணி அடிக்கும் முறை, அதாவது சாயில் நெய்லிங், இப்போது நிறையப் பேசப்படுகிறது. சரிவில் துளை போட்டு, இரும்புக் கம்பி செருகி, சிமெண்ட் பால் ஏற்றி, முகத்தில் வலை விரித்து, அதன் மேல் புல் விதை தெளிப்பார்கள். நீலகிரியில் நெடுஞ்சாலைத் துறை இதைச் செய்திருக்கிறது, பார்க்கவும் பச்சையாக அழகாக இருக்கும். செங்குத்தான வெட்டு, பின்வாங்க இடமில்லை, மேலே கட்டடம் நிற்கிறது என்றால் இதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் துளை போடும் எந்திரத்தையும் அதற்கான ஆட்களையும் 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி நீள வெட்டுக்கு அந்தச் செலவு கட்டாது. யாரும் யோசிக்காத இன்னொன்று: கம்பி பல மீட்டர் உள்ளே போகும். உங்கள் எல்லைக்கல் வெட்டு விளிம்பிலேயே இருந்தால், உங்கள் ஆணி பக்கத்துக்காரர் நிலத்துக்குள் இருக்கும். நாளைக்கு அவர் அங்கே தொட்டி தோண்டினால்?

வெட்டிவேர் மலிவு, நல்லதும்கூட. வேர் நேராக 3 மீட்டர், அதற்கு மேலும் இறங்கும், மேல்மண் அரிப்பைப் பிடித்து நிறுத்தும். ஆழத்தில் வழுக்கும் மண்ணை அது நிறுத்தாது. அது நிழலிலும் வளராது. சில்வர் ஓக் நிழலில் காப்பி நிற்கும் சரிவில் வெட்டிவேர் நட்டுவிட்டு, ரெண்டாவது வருடம் காணோமே என்று தேடுபவர்கள் உண்டு. வெயில் விழும் வெட்டு முகத்தில் மட்டும் நடுங்கள். இன்னொன்று: வெட்டு விளிம்பிலேயே நிற்கும் உயரமான சில்வர் ஓக், காற்றில் ஆடி ஆடி வேரோடு மண்ணையும் நெம்பும். அதை வெட்டினால் அடிவேரை விட்டுவிடுங்கள், பிடுங்காதீர்கள்.

இப்போது வடிகால். இதற்கு மற்றதைவிட அதிக இடம் கொடுக்கிறேன்.

சரிவின் தலைக்கு மேலே, வெட்டு விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளி, குறுக்காக ஒரு வாய்க்கால். மேலிருந்து வரும் மழைநீரை அங்கேயே பிடித்து, பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்பிவிடுவது. ஆள் வைத்து மம்பட்டியால் வெட்டிவிடலாம். ஆனால் வெறும் மண் வாய்க்காலாக விட்டால் அதுவே தண்ணீரைச் சரிவுக்குள் ஊட்டும் குழாயாகிவிடும். கல்லோ கான்கிரீட்டோ போட்டுப் பூச வேண்டும். வாட்டம் ஐம்பதுக்கு ஒன்று போல இருந்தால் வண்டல் தங்காமல் ஓடும். கீழே இறங்கும் இடத்தில் படிக்கட்டு போலக் கட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் விழும் இடத்தில் புதுக் குழி பிறக்கும். வெட்டு முகத்தில் ஏற்கெனவே ஊற்று கசிந்தால், துளையிட்ட பிவிசி குழாயை உள்பக்கம் சற்று உயர்ந்து, வெளிவாய் தாழ்ந்து நிற்கும்படி செருகி அதை வெளியே இழுக்கலாம்.

வானத்துத் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். அந்தக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? பாதி வீடுகளில் பின்சரிவின் விளிம்பிலேயே விழுகிறது. செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி எங்கே இருக்கிறது? மேல்வீட்டு உறிஞ்சுகுழி, கீழ்வீட்டுச் சுவரின் முதுகில். வாரக்கடைசியில் இருபது பேர் வந்து குளிக்கும் ஹோம்ஸ்டே என்றால் வருடம் முழுக்க மழைதான். நோரில்ஸ்க் போன்ற ஊர்களிலும் கட்டட அடித்தளத்தைக் கெடுத்ததில் வெயிலோடு, கசியும் வெந்நீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பங்கு உண்டு. நார்வேயின் வடதுருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், உலகப் பயிர்விதைகளைச் சேமித்து வைக்கும் உலக விதைப் பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்தில் 2016இல் தண்ணீர் புகுந்தபோது அவர்கள் செய்ததும் இதே ரகம்: மேலே வடிகால் வெட்டினார்கள், சுரங்கத்துக்கு நீர் புகாச் சுவர் வைத்தார்கள், சூடு கக்கும் மின்கருவிகளை வெளியே கொண்டுபோனார்கள்.

காப்பித் தோட்டத்துக்காரர்களோடு எனக்கு இங்கே ஒரு சின்ன வாக்குவாதம் எப்போதும் உண்டு. ஈரம் பிடிக்க வரிசைக்கு நடுவே குழி வெட்டுவது தோட்டத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. அதே குழிகளைச் சாலை வெட்டுக்கு நேர் மேலே வெட்டினால், சரிவுக்குள் தொட்டி கட்டியது போல. வெட்டுக்கு மேலே உள்ள சில வரிசைகளுக்கு மட்டும் குழி வேண்டாம் என்றால், "செடி காஞ்சிடும்ங்க" என்பார்கள். நாலு வரிசைச் செடியா, பாதையா என்று அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

சரிவைப் பின்னால் வெட்டிச் சாய்வைக் குறைப்பது, படிகளாக்குவது எல்லாம் இடமிருந்தால் நல்லது, மலையில் இடம் இருப்பதில்லை. வெட்டாமலே இருப்பது அதைவிட நல்லது. கனடாவில் 2017 நவம்பரில் திறந்த இனுவிக்–டுக்டோயாக்டுக் சாலை ஏறக்குறைய 138 கிலோமீட்டர். உறைமண்ணின் மேல்தோலைக் கீறாமல், துணி விரித்து மேலே நிரப்பி மட்டுமே போட்டார்கள், அதிலும் பெரும்பாலும் குளிர்காலத்தில். 2006இல் முழுதும் திறந்த திபெத் ரயில்பாதையில், மண் மிக மோசமாக இருந்த இடங்களில் கரை போடவே இல்லை, பாலம் கட்டித் தாண்டிவிட்டார்கள். விலகிப் போவதும் எஞ்சினியரிங்தான். ஏற்காட்டில் புதிதாக மனை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது, வியூ பாயிண்ட் மனையைவிட முப்பது அடி உள்ளே தள்ளிய சப்பை மனை மேல்.

ஒன்றும் செய்யாமல், விழுந்த மண்ணை அள்ளிக்கொண்டே இருப்பதும் ஒரு வழி. சிரிக்காதீர்கள். மழைக்கு ஒருமுறை நாலு டிராக்டர் மண் விழும், ஆள் குடியில்லாத, தோட்ட வண்டி மட்டும் போகும் பாதைக்கு அதுவே நியாயமான கணக்கு.

இனி முடிவு எப்படி. முதலில் மேட்டின் நெற்றிக்கு ஏறிப் பாருங்கள். பிறை வடிவில் விரிசல் தெரிந்தால் சிமெண்ட் குழைத்து அடைக்காதீர்கள். அடைத்தால் ஓடுகிறதா நின்றதா என்று தெரியாமல் போகும். விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்பு முளை அடித்து, தலையில் கீறி, இடைவெளியை டேப்பில் அளந்து தேதியோடு எழுதுங்கள். தண்ணீர் இறங்காமல் மேலே தார்ப்பாய். ஒவ்வொரு மழைக்கும் அளவு கூடிக்கொண்டே போனால் சுவர், ஆணி என்று பேசும் கட்டம் தாண்டிவிட்டது. வீட்டைக் காலி செய்துவிட்டு மண் பொறியாளரையும் புவியியலாளரையும் வரவழைக்க வேண்டும்.

அளவு கூடவில்லை, மேல்மண்தான் அவ்வப்போது உதிர்கிறது என்றால், என் சிபாரிசு தலைவாய்க்காலும் கூரைத் தண்ணீருக்குக் குழாயும் முதல் வருடம். ஒரு முழு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். அப்போதும் கால்பக்கம் உதிர்ந்தால் இரண்டாம் வருடம் ஒன்று அல்லது இரண்டு அடுக்குக் கேபியன், வெயில் படும் முகத்தில் வெட்டிவேர். வீட்டுச் சுவருக்கும் வெட்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் இடம்தான் இருக்கிறது என்றால் கேபியனுக்கு வழியில்லை. கணக்குப் போட்டு வடிவமைத்த கான்கிரீட் சுவர் வேண்டும், அதுவும் வாய்க்கால் முடிந்த பிறகு. உயரம் 4 மீட்டரைத் தாண்டி மேலேயும் கட்டடம் இருந்தால் ஆணி முறைக்கு விலை கேளுங்கள், பக்கத்து இரண்டு மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்தால் எந்திரச் செலவு பங்காகிவிடும்.

வேலையை எப்போது தொடங்குவது என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். மேயிலேயே மலையில் மழை வந்துவிடும். வாய்க்காலும் அஸ்திவாரமும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் முடிய வேண்டும், வெட்டிவேர் ஜூன் மழையில் நட வேண்டும். சுவருக்குக் கால்பக்கம் தோண்டும்போது மொத்த நீளத்தையும் ஒரே நாளில் திறக்கவே கூடாது. ஒரு துண்டு தோண்டி, கட்டி, அடுத்ததை விட்டு அதற்கடுத்ததைத் தோண்ட வேண்டும். ஜேசிபி வாடகை மணிக்கணக்கு என்பதால் ஒரே மூச்சில் திறந்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஏற்காட்டுக் கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லையில் வருவதால், வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் முன் அனுமதி வேண்டும், கனிமத் துறையின் கருத்தும் கேட்பார்கள். அதற்குப் பிடிக்கும் நாட்களையும் சேர்த்து, தீபாவளி முடிந்த கையோடு காகித வேலையை ஆரம்பித்தால்தான் பிப்ரவரியில் கடப்பாரை எடுக்க முடியும்.

கொட்டேஷன் வாங்கும்போது கான்ட்ராக்டரிடம் வாய்க்கால் தண்ணீர் கடைசியில் எந்த ஓடையில், யார் நிலம் வழியாகப் போய்ச் சேரும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் அடுத்தவர் நிலம் வந்தால் அவரோடு பேசி எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.